சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்பிரிங்

இரவு ஒன்பதே முக்கால். திருவானைக்காவிலிருந்து கல்லணைக்குப் போகும் சாலை. ஒரு பக்கம் காவிரிக் கரை. இன்னொரு பக்கம் வாழை... வாழை... வாழைதான். உத்தமர்சீலிக்குக் கொஞ்சம் முன்னால் ஓரிடத்தில் தெருவிளக்குகள் முடிந்துவிடும். அதற்கப்புறம் வண்டி வெளிச்சம் விழுகிற இடம் மட்டும்தான் சாலை.

அந்தச் சாலையில் ஒரு சின்ன டிராக்டர் தனியாக வந்துகொண்டிருந்தது.

"தனியான்னா... ஆள் இல்லாமலா அங்கிள்?" என்றாள் அல்ஷிஃபா.

"இரும்மா. இப்போதைக்கு ஆள் இருக்கு" என்றேன்.

கே.கே. நகரில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடி அது. கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கொசுவர்த்தியைச் சுற்றி ஏழெட்டுப் பேர். யாருக்கும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காலை மாற்றுவதும், போனை எடுத்து மணி பார்ப்பதுமாக இருந்தார்கள். ஸ்ரீரங்கத்து வீட்டை விட்டுவிட்டு மகளோடு வந்து தங்கியிருக்கும் அனந்தபத்மநாபன் மட்டும் தனியாக நாற்காலி போட்டுக்கொண்டு, "பேய்க் கதையாம், பேய்க் கதை" என்று விசிறிக்கொண்டிருந்தார்.

டிராக்டரை ஓட்டி வந்தவர் சவரிராயன். என்னோடு வேலை பார்க்கும் சகாயநாதனின் அக்கா வீட்டுக்காரர். பொன்மலைப்பட்டியில் பட்டறை வைத்திருக்கிறார். பெரிய டிராக்டர் தொட மாட்டார். தோட்டங்களில் ஓடுகிற குட்டி வண்டிகள்தான் அவருக்கு. வெளிநாட்டில் உழைத்துத் தேய்ந்து, கப்பலில் ஏறி இங்கே வந்து இரண்டாம் முறை உழைக்கிற வண்டிகள். அன்று அவர் ஓட்டி வந்ததும் அப்படி ஒன்றுதான். முன்னால் ஆள் நீளத்துக்கு ஒரு இரும்புப் பலகை. அந்த ஊரில் வாசலில் கொட்டிய பனியைத் தள்ளுவதற்காகச் செய்தது. இங்கே அது கொள்ளிடத்து வண்டலைத் தள்ளும். பின்னால் மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டர். ஒரு தண்டு, அதில் வளைந்த கத்திகள், அவ்வளவுதான்.

இப்போது ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இது புரியாவிட்டால் மற்றது புரியாது.

இந்த மாதிரி வண்டிகளில் சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்பிரிங் இருக்கும். ஸ்பிரிங்குக்குக் கீழே ஒரு சின்ன ஸ்விட்ச். ஆள் உட்கார்ந்தால் சீட்டு அழுந்தும், ஸ்விட்ச் சேரும், டீசல் வால்வுக்குக் கரண்ட் போகும். எழுந்தால் சீட்டு மேலே வரும், ஸ்விட்ச் பிரியும், டீசல் நிற்கும், எஞ்சின் நிற்கும். ஆள் உட்காராமல் ஸ்டார்ட்டும் ஆகாது. யாரும் வண்டியை ஓடவிட்டபடி இறங்கிப் போய்க் கத்திக்குள் கை விட்டுவிடக் கூடாது. அதற்காகத்தான் இத்தனையும்.

ஆனால் நம் ஊர்ப் பட்டறைகளில் அந்த ஸ்விட்சை யாரும் விட்டுவைப்பதில்லை. இரண்டு வயரையும் ஒரு கம்பியால் சேர்த்து முறுக்கிவிடுவார்கள். 'டைரக்ட் பண்றது' என்று பெயர். இரண்டு நிமிஷ வேலை.

சவரிராயனும் பண்ணியிருக்கிறார். எத்தனையோ வண்டிக்கு.

அந்த வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தவர் ஒரு பெண்மணி. வெள்ளையம்மாள். உத்தமர்சீலிப் பக்கம் இரண்டு ஏக்கர் வாழை. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து போனதில் தோட்டம் முழுக்க முழங்கால் உயரத்துக்கு வண்டல். தள்ளினால்தான் அடுத்த கன்று வைக்க முடியும்.

"ஒன்றரை வருசமா ஓடாம நிக்குது தம்பி. எல்லாத்தையும் பாருங்க. சீட்டுக்கு அடியில ஒரு கம்பி கட்டியிருக்கும். அதை மட்டும் அவுத்துடாதீங்க."

"ஏங்க்கா?"

"எங்க வீட்டுக்காரரு ஒல்லி. காத்தடிச்சா பறந்துருவாருன்னு கிண்டல் பண்ணுவோம். வரப்புல ஏறி இறங்குனா சீட்டு தூக்கிக்கும், வண்டி இருமும். அப்புறம் எந்தப் புண்ணியவானோ கம்பி கட்டிக் குடுத்தான். அந்த ஆளுக்குக் கோயில் கட்டணும்னு சொல்வாரு. நானும் அவரு மாதிரிதான் இருக்கேன், பாருங்க. இனிமே நான்தான ஓட்டணும்."

சவரிராயன் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். கம்பி இருந்தது. மூன்று முறுக்கு, நுனியை உள்பக்கமாக மடக்கி... அவருடைய முறுக்கு. வேறு யாரும் அப்படி மடக்க மாட்டார்கள்.

"அவரு பேரு?"

"பிச்சை."

ஞாபகம் வந்துவிட்டது. ஒல்லியான மனிதர். மீசை மட்டும் பெரிசு. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மாலை, அவசரம் அவசரம் என்று நின்றவர்.

"அவரு இப்ப..."

"ரோட்டவேட்டர்ல வாழை நார் சுத்திக்கிச்சு. வண்டி ஓடிக்கிட்டே இருக்க, இறங்கிப் போயி எடுத்தாரு. கால் தட்டுச்சோ என்னமோ, லீவர் விழுந்திருச்சு. நான் சத்தம் கேட்டு ஓடுறதுக்குள்ள..."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சவரிராயனும் கேட்கவில்லை. கம்பி கட்டியது நான்தான் என்று சொல்லவும் இல்லை. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த அம்மா லோடு ஆட்டோக்காரரிடம் ஏதோ பேசப் போய்விட்டார்.

அன்றைக்கிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை என்று சகாயநாதனின் அக்கா சொன்னாராம். ராத்திரி எழுந்து பட்டறைக்குப் போய்விடுவாராம். அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவாராம்.

வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தார். கம்பியை வெட்டிப் போட்டார். புது ஸ்விட்ச் வைத்தார். அப்புறம்தான் உண்மையான வேலை. அந்த ஸ்பிரிங் நூறு கிலோ ஆளுக்காகச் செய்தது. பிச்சை ஐம்பது கிலோகூட இருந்திருக்க மாட்டார். அதனால்தான் வண்டி இருமியது. தவறு ஸ்விட்சில் இல்லை, ஸ்பிரிங்கில். அதை எடுத்துவிட்டு மெல்லிசான ஸ்பிரிங் ஒன்றைத் தேடிப் போட்டு, மண் மூட்டையை வைத்து வைத்துப் பார்த்தார். முப்பது கிலோ வைத்தாலும் பிடித்தது. மூட்டையை எடுத்தால் உடனே நின்றது. அரை நாள் வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த அரை நாள் அவரிடம் இல்லாமல் போனது.

"பாவம்" என்று யாரோ சொன்னார்கள்.

"பாவமாவது. இதுல பேய் எங்கே வர்றது ஓய்?" என்றார் அனந்தபத்மநாபன்.

"வருது ஸார். பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்துல வருது."

பகலில் காவிரிப் பாலத்தில் அந்த வேகத்தில் போனால் பின்னால் வருகிறவர்கள் குடும்பத்தையே இழுத்துத் திட்டுவார்கள். அதனால்தான் சவரிராயன் இரவில் கிளம்பினார். இன்னொரு காரணமும் இருந்தது. அந்த அம்மாவிடம் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். வழியெல்லாம் அதைத்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். எப்படித் தொடங்கினாலும் சரியாக வரவில்லை.

சாலையிலிருந்து இடது பக்கம் தோட்டத்துக்குள் ஒரு வண்டிப்பாதை இறங்குகிறது. அதன் கோடியில் வெள்ளையம்மாளின் வீடு. ஓட்டு வீட்டின் விளக்கு தூரத்தில் தெரிந்தது. பாதை நடுவே வண்டல் மேடு. முன் பலகையை இறக்கித் தள்ளினார். நன்றாகத் தள்ளியது. வந்ததுதான் வந்தோம், ரோட்டவேட்டரையும் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று அதையும் இறக்கிச் சுழல விட்டார்.

பத்தடிகூடப் போகவில்லை. பின்னால் 'கடகட'வென்று ஒரு சத்தம். வண்டலுக்கு அடியில் மட்கிக் கிடந்த வாழை மட்டைகள்... நார் சுற்றிக்கொண்டது. லீவரைப் பின்னுக்கு இழுத்துச் சுழற்சியை நிறுத்தினார். எழுந்தார்.

எஞ்சின் நின்றது. அவர் பொருத்திய ஸ்விட்ச். அவ்வளவு அமைதியாக, சொன்ன சொல் கேட்கிற பிள்ளை மாதிரி நின்றது.

இங்கேதான் ஒரு தவறு செய்தார். இறங்கும்போது சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். அன்று எடுக்கவில்லை. 'அதான் ஸ்விட்ச் இருக்கே.'

வண்டியில் கிடந்த அரிவாளை எடுத்துக்கொண்டு இடது பக்கமாக இறங்கினார். செல்போன் டார்ச்சை மண்ணில் வைத்தார். பச்சை வாழைத்தண்டு வாசனை, சூடான டீசல் வாசனை. தண்டில் நார் கயிறாக இறுகியிருந்தது. கத்திகளுக்கு இடையே இடது கையை விட்டுப் பிடித்துக்கொண்டு, வலது கையிலிருந்த அரிவாளால் ஒரு இழையை அறுத்தார்.

இறுகச் சுற்றிய நாரில் ஒரு முறுக்கு தங்கியிருக்கும். ஒன்றை அறுத்தால் மற்றது துள்ளும். தண்டு கால் சுற்று பின்னுக்கு உருண்டது. 'சரக்'. அவர் மணிக்கட்டு நாருக்கும் கத்திக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. அரிவாள் எகிறி வாழைக்குள் விழுந்தது.

காயம் இல்லை. ஆனால் கை வரவில்லை. ஒற்றைக் கையால் அந்த முடிச்சை அவிழ்க்கவும் முடியவில்லை. கத்திக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தார்.

'க்ரீச்.'

புது ஸ்பிரிங்கின் சத்தம். அவருக்குத் தெரியாதா? நாள் பூரா கேட்டிருக்கிறார்.

சீட்டு அழுந்தியிருந்தது.

அவர் குந்தியிருந்த இடத்திலிருந்து பார்த்தால் சீட்டின் பின்பக்கம் மட்டும் தெரியும். அங்கே யாரும் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் பூச்சிகள் பறந்தன. தவளைச் சத்தம்கூட நின்றுபோயிருந்தது.

'கிர்ர்ர்... கிர்ர்ர்... டுக்... டுக்... டுக்டுக்டுக்...'

வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது.

"ஷார்ட் சர்க்யூட்!" என்றார் அனந்தபத்மநாபன். ஆனால் அவர் நாற்காலி எப்போதோ எங்கள் பக்கம் நகர்ந்து வந்திருந்தது. "ஈரம் பட்டா வயர் ஒட்டிண்டுடும். எலெக்ட்ரிகல் ஃபால்ட்டுன்னா இது?"

"ஸ்விட்ச் ஒட்டிக்கலாம் ஸார். ஸ்டார்ட்டர் சுத்தணும்னா சாவியைத் திருப்பணும். திருப்பிப் பிடிச்சுக்கிட்டு இருக்கணும். விட்டா திரும்பி வந்துடும்."

அவர் விசிறுவதை நிறுத்தினார்.

எஞ்சின் மெதுவாக ஓடியது. சவரிராயனின் கை கத்திகளுக்கு நடுவில். இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற லீவரை முன்னால் தள்ள வேண்டும். உட்கார்ந்திருப்பவருக்குக் கை எட்டுகிற தூரம். தள்ளினால் அரை விநாடி போதும்.

எஞ்சின் வேகம் ஏறியது. தானாக ஏறுகிற மாதிரி இல்லை. யாரோ கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிற மாதிரி. கத்திகள் நடுங்கின. அந்த நடுக்கம் அவர் எலும்பு வரைக்கும் வந்தது.

லீவர் ஆடிய சத்தம் கேட்டது. 'டக்.' பிறகு ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும், 'டக்.'

"அண்ணே..." என்றார் சவரிராயன். "பிச்சையண்ணே... நான்தான் கட்டுனேன். அந்தக் கம்பி... நான்தாண்ணே. ஸ்பிரிங் மாத்தியிருக்கணும். நேரம் ஆகும்னு கம்பியைக் கட்டி அனுப்பிட்டேன். அக்காகிட்ட இன்னும் சொல்லலை. சொல்லத்தாண்ணே வந்தேன்..."

வேகம் குறைந்தது. டுக்டுக்... டுக்... டுக்...

எஞ்சின் நின்றுவிட்டது.

அல்ஷிஃபா மூச்சு விட்டாள். "அப்பாடா."

"என்னம்மா அப்பாடா? எஞ்சின் எப்ப நிக்கும்னு சொன்னேன்?"

அவள் யோசித்தாள். பிறகு காலை மடக்கிக்கொண்டாள்.

ஆமாம். ஸ்பிரிங் மெல்ல மேலே வந்தது. க்ரீச். யாரோ எழுந்துவிட்டார். அந்த வண்டியில் எல்லாரும் இடது பக்கமாகத்தான் இறங்குவார்கள். சவரிராயன் இருந்ததும் இடது பக்கம்தான்.

வண்டலில் ஒரு காலடி. சதக். இன்னொன்று. சதக். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பக்கத்தில் ஏதோ குனிந்து உட்கார்ந்தது. மழைக்கு நனைந்த மண்சுவர் மாதிரி ஒரு குளிர்ச்சி தோளோரம் வந்து நின்றது.

மணிக்கட்டில் நார் அசைந்தது.

ஒரு இழை இழுபட்டது. நின்றது. மறுபடி இழுபட்டது. அவசரமே இல்லை. ஒவ்வொரு முடிச்சாக... ஒவ்வொரு இழையாக... ஒரு கை இழுக்கும்போது நாரின் மறுமுனையைப் பல் கடித்துப் பிடித்துக்கொள்வதை அவர் உணர்ந்தார். மூச்சு இல்லை. ஆனால் ஈரமாக ஒரு மீசை அவர் மணிக்கட்டில் உரசியது. உரசி விலகியது. மறுபடி உரசியது. எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. டார்ச் அணைந்து வெகுநேரம் ஆன பிறகு கை விடுபட்டது.

அவர் ஓடினார். செல்போனை எடுக்கவில்லை, செருப்பை எடுக்கவில்லை. ஓட்டு வீட்டு வாசலில் போய் விழுந்தார்.

வெள்ளையம்மாள் லாந்தரைத் தூக்கிக்கொண்டு வந்தார். தண்ணீர் கொடுத்தார். சவரிராயன் குடிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். வழியெல்லாம் சரியாக வராத அந்தப் பேச்சு, இப்போது ஒரே மூச்சில் வந்தது. கம்பியைக் கட்டியது, கட்டியதை மறைத்தது, எல்லாம்.

அந்த அம்மா திட்டவில்லை. அழவும் இல்லை. லாந்தரைக் கீழே வைத்துவிட்டு அவர் கையை இழுத்துப் பார்த்தார். மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக நார்த் தடம். அதன் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பல் பட்ட தடம். அவற்றை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பல்லால ஏங்க்கா அவுக்கணும்?" என்றார் சவரிராயன். "அதுதான் எனக்கு விளங்கவே இல்லை."

வெள்ளையம்மாள் நிமிரவில்லை.

"ஒத்தக் கையை வச்சுக்கிட்டு," என்றார், "அவரு வேற எப்படித் தம்பி அவுப்பாரு?"