எந்த வெள்ளி?

மொன்றியலில் குடிவரவு அலுவலக வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு யாழ்ப்பாணத்தார் நின்றார்கள். ஒருவருக்கு மீசை நரைத்திருந்தது. மற்றவர் இளையவர். அவர்தான் தொடங்கினார்.

“அண்ணை, என்னோட கோப்பை கழுவுற குவாத்தமாலாக்காரன் மாயா ஆளாம். அவையின்ர முன்னோர் வெள்ளி எப்ப வரும் எண்டு நூறு வருசத்துக்கு முன்னமே நாள் பிசகாமல் சொல்லுவினமாம்.”

“இதென்ன பெரிய வேலை? வியாழன் முடிய வெள்ளி வரும்.”

“ஐயோ, கிழமை இல்லை அண்ணை. விடிவெள்ளி. வெறுங்கண்ணால பாத்து எழுதி வைச்சவையாம். ஒருக்கா வந்தது திரும்பி வர ஐந்நூற்றி எண்பத்துநாலு நாளாம்.”

“அதை அறிஞ்சு என்ன செய்தவை?”

“அதைப் பாத்துத்தான் சண்டைக்கு நாள் வைப்பினமாம்.”

“எங்கட ஊரில நாள் பாக்காமலே தொடங்கியிட்டாங்கள்.”

வரிசை இரண்டடி நகர்ந்தது.

“அப்ப உன்ர ஆளின்ர அகதி விசாரணை எப்பவாம்?”

“அதுதான் அவனுக்கும் தெரியேல்லை. மூண்டு வருசமா இஞ்ச வந்து வந்து போறான்.”

நரைமீசைக்காரரின் முறை வந்தது. கவுண்டரில் இருந்த பெண் கடிதத்தைப் பார்த்து, பிரெஞ்சில் ஒரு சொல் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். அவர் திரும்பி வந்தார்.

“என்னவாம் அண்ணை?”

“வெள்ளி வரட்டாம்.”

“எந்த வெள்ளி?”

அவர் கோட்டுப் பொத்தானைப் பூட்டினார்.

“சொல்லேல்லை. ஐந்நூற்றி எண்பத்துநாலு நாள் கழிச்சு வந்து பாப்பம்.”