பாப்பாவுக்கு அளந்து ஊத்துன மருந்து

— கப்பு காலி. புள்ளயோ வாய இறுக்கி மூடிகினு உக்காந்திருக்கு. மருந்து எங்க போச்சு, பிராங்க்ளின் சார்?

— குடிச்சாச்சு, சிஸ்டர்.

— யாரு குடிச்சா?

— அப்பாதான் குடிச்சாரு! கசக்கல பாரு சோபியா, கசக்கல பாருன்னு சொல்லிகினே மடக்கு மடக்குன்னு!

— ஐயோ, எங்க போயி முட்டிக்கிறது நான்! சார், அது பாப்பா எடைக்கு அளந்து ஊத்துனது. மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடி புள்ளைக்குப் பயம் தெரியாம இருக்கறதுக்கு. பங்கு போட்டுக்க அது என்ன டீயா?

— வூட்ல மாத்திர குடுத்தாலும், கஷாயம் குடுத்தாலும் நான் மொதல்ல வாய் வெச்சாத்தான் இது வாயத் தொறக்கும் சிஸ்டர். அதான் ஒரு சொட்டு...

— ஒரு சொட்டா? கவுத்துப் பாருங்க, ஈரம் கூட இல்ல! மைன்ஸ்ல மலை மாதிரி மெசின ஓட்டறீங்க, ஒரு கப்பு மருந்த ஒழுங்கா குடுக்கத் தெரியல!

— ஒண்ணும் இல்ல சிஸ்டர். கொஞ்சம் ஜிவ்வுனு இருக்கு. நீங்க ரெண்டு பேரா தெரியறீங்க, அவ்ளோதான்.

— சிரிக்காதீங்க! போன மாசமே முடிஞ்சிருக்க வேண்டிய டான்சில் ஆப்ரேசன். மயக்க மாஸ்க்கப் பாத்து இது கத்துன கத்துல டாக்டரு வேணாம்னு அனுப்பிட்டாரு. மாசம் ரெண்டு தடவ காய்ச்சல், ஒடம்புல என்ன இருக்கு புள்ளைக்கு? இன்னைக்காவது நடக்கணும்னுதான் இந்த மருந்தே. கட்டில்ல படுங்க மொதல்ல. ஏந்திரிக்கவே கூடாது... ஹலோ, டாக்டர்? அமிர்தம் பேசறேன் சார். ஆமா சார், அப்பாவே... இல்ல சார், முழுசும்... சரிங்க சார். வேற அளந்து குடுத்துடறேன். அவரையும் பாத்துக்கறேன் சார்.

— திட்னாரா சிஸ்டர்?

— உங்கள இல்ல, என்னத்தான்! கைய நீட்டுங்க, நாடி பாக்கணும்.

— பாப்பா... இங்க வா. சொல்லிடறேன். போன தடவ ஆப்ரேசன் ரூம் கதவாண்டயே நிக்கறேன்னு சொன்னேன் இல்ல? நிக்கல. நீ கத்துனது காதுல உழுந்துச்சி. தாங்கல. பைக்க எடுத்துகினு குறிஞ்சிப்பாடி வரைக்கும் ஓடிட்டேன்.

— தெரியும்பா. வெளிய வந்து பாத்தேன், உன் செருப்பு இல்ல.

— நல்லா இருக்கு! மருந்து மயக்கத்துல உண்மை வருதா இவருக்கு? சோபியா கண்ணு, இந்தா, வேற கப்பு. இதையும் வேணாம்னா இன்னைக்கும் அனுப்பிடுவாங்க.

— சிஸ்டர், அப்பா எப்ப ஏந்திரிப்பாரு?

— ரெண்டு மணி நேரமாவது ஆவும். நடக்கவே வுடக்கூடாதுன்னுட்டாரு டாக்டரு. ஏன்?

— அப்ப குடுங்க, குடிக்கறேன். நான் வெளிய வர்ற வரைக்கும் அவரால எங்கயும் ஓட முடியாது, இல்ல சிஸ்டர்?