பன்னிரண்டு மணி ஊதல்

கப்பலில் வந்து இறங்குகிறவர்களுக்குத் தரையில் கொஞ்ச நேரம் நடை சரியாக வராதாம், ஐயா. அமிர்தவல்லி அம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கங்கைகொண்ட சோழபுரம் கோயில் வாசலில் காரைவிட்டு இறங்கியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "கோபுரமே ஆடுற மாதிரி இருக்குங்க" என்று சிரித்தார். அவர் செருப்பைக் கழற்றும்வரை அசையாமல் நின்றேன். நீங்கள் கேட்டதால் முதலிலிருந்தே சொல்கிறேன். ஏட்டு ஐயா மெதுவாகவே எழுதட்டும், எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை.

என் பெயர் அரியமுத்து. அரியலூருக்குத் தெற்கே சுண்ணாம்புக்கல் குவாரியில் இருபது வருடமாக மேட், ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி. என் வேலை ஊதல். பகல் பன்னிரண்டு மணிக்கு வெடி. முதல் ஊதலுக்கு ஆட்கள் எல்லாரும் குழியைவிட்டு மேலே ஏறிவிட வேண்டும். நான் கரையைச் சுற்றி நடந்து, குழியில் ஒரு ஈ காக்கை இல்லை என்று பார்த்த பிறகு இரண்டாவது ஊதல். அதைக் கேட்டதும் வெடிக்காரன் ராசாங்கம் மறைவுக்குள் இருந்தபடி பேட்டரிப் பெட்டியின் பிடியைத் திருகுவான். அவன் இருக்கும் இடத்திலிருந்து குழி தெரியாது. என் ஊதல்தான் அவனுக்குக் கண். அதனால் அவன் பெயரை இதில் இழுக்காதீர்கள், பிள்ளைகுட்டிக்காரன்.

என் பெண்சாதி பாப்பாயி அதே குழியில் கல் பொறுக்கினாள். எழுபத்தொன்றாம் வருடம் மாசி மாதம், முதல் ஊதலுக்கு மேலே வந்தவள், தூக்குவாளியை மறந்துவிட்டேன் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டு மறுபடி இறங்கியிருக்கிறாள். மேலே லாரிகள் வரிசையாக நின்றன. மேனேஜர் அழகேசன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மணி ஆயிட்டு அரியமுத்து, ஆவட்டும்" என்றார். ஆயிற்று. அவளைச் சாக்கில் போட்டுத்தான் மேலே கொண்டுவந்தார்கள்.

அந்த "ஆவட்டும்" என் காதைவிட்டுப் போகவே இல்லை. விசாரணைக்கு வந்த அதிகாரி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மாதமே அழகேசன் வேலையை விட்டுவிட்டுச் சிங்கப்பூர் போய்விட்டார். ஒரு உயிரைத் தின்றுவிட்டுக் கடல் தாண்டி ஓடிவிட்டான் என்று ஊர் முழுக்கச் சொன்னேன். சோறு இறங்காத நாளெல்லாம் அவரைத் திட்டித்தான் சாப்பிட்டேன். பதினோரு வருடம், ஐயா.

போன மாதம் அவரிடமிருந்து கடுதாசி வந்தது. பெண்சாதி அமிர்தவல்லி அம்மாளோடு உல்லாசக் கப்பலில் வருகிறாராம். கப்பல் நாகப்பட்டினத்தில் ஒரே ஒரு பகல் நிற்கும், சாயங்காலம் ஏறிவிட வேண்டும். அந்தப் பகலில் கங்கைகொண்ட சோழபுரம் பார்த்துவிட்டுக் குவாரிக்கும் வர ஆசை. அந்த அம்மாளுக்குக் கிளிஞ்சல் சேர்க்கும் பழக்கம், நம் குழியில் கல்லுக்குள் கல்லாகக் கிடைக்கும் பழைய கிளிஞ்சல்களை நான் காட்ட வேண்டும். நீதான் கூட இருக்க வேண்டும் என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார். தபால் வந்த அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். பதினோரு மணிக்குக் குவாரியில் இருப்பது நல்லது, வெயில் ஏறிவிடும் என்று பதில் போட்டேன்.

அவரைக் கொல்ல வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. கொன்றால் அவருக்கு என்ன தெரியும். ஆள் இருக்க வேண்டும், வீட்டுக்குப் போக வேண்டும், தனியாக ஒரே தட்டு போட்டுச் சாப்பிட வேண்டும்.

கோயிலில் எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. பெரிய நந்தியின் நிழலில் உட்காரவைத்து அந்த அம்மாள் எனக்கு இட்லிப் பொட்டலம் பிரித்துக் கொடுத்தார். "இன்னும் ரெண்டு வச்சுக்கங்க, வெறும் வயித்தோட வந்திருப்பீங்க" என்றார். வாங்கிச் சாப்பிட்டேன். அழகேசனுக்கு ஒரு கால் விளங்காமல் போயிருந்தது, தடி ஊன்றி நடந்தார். என் முதுகில் கை வைத்து, "பாப்பாயி படம் ஏதாச்சும் வச்சிருக்கியாப்பா?" என்று கேட்டார். அவர் வாயில் அந்தப் பெயர் வந்தது எனக்குப் பொறுக்கவில்லை. "நாங்க எங்கங்க படம் புடிச்சோம்" என்று மட்டும் சொன்னேன்.

குவாரிக்கு வந்தபோது பதினொன்றே கால். அவரால் இறங்க முடியாது என்பதால் மேலே புங்க மரத்தடியில் நாற்காலி போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்து உட்காரவைத்தேன். அங்கிருந்து குழி முழுக்கத் தெரியும். அம்மாளை மட்டும் கிழக்கு மூலைக்குக் கூட்டிப்போனேன். அன்றைய வெடிக்குத் துளை போட்டிருந்த பாறை அதுதான், ஆட்கள் காலையிலேயே விலகிவிட்டார்கள். ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட கல் ஒன்று அவர் கையில் கிடைத்தது. பச்சைக் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார்.

"இதெல்லாம் ஒரு காலத்துல கடலாமே. கப்பல்லேருந்து எறங்கி மறுபடி கடலுக்குள்ளயே வந்துட்டேன் பாருங்க."

பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஒண்ணு சொல்லணும், தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே" என்றார். "அன்னிக்குக் குழியச் சுத்திப் பாக்காமயே நீங்க ரெண்டாவது ஊதல ஊதிட்டீங்கன்னு இவங்களுக்குத் தெரியும். ஆனா அத யார்கிட்டயும் சொல்லல. 'பொண்டாட்டிய பறிகொடுத்தவன ஜெயில்ல வேற போடணுமா'ன்னு, 'நான்தான் ஊதச் சொன்னேன், முழுப் பொறுப்பும் எனக்குத்தான்'னு எழுதிக் குடுத்துட்டாங்க. அதுலதான் வேல போச்சு. இவங்களுக்குக் கோயில் பாக்க ஆசையெல்லாம் இல்ல. உங்கள ஒரு தடவ பாத்துடணும்னுதான் கப்பல்லயே ஏறினாங்க."

எனக்கு என்னவோ செய்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த அம்மாள் கையில் இருந்த கல்லை வாங்கி, மண்ணைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். அப்புறம், "இன்னும் பெருசெல்லாம் அந்தப் பாறைக்குக் கீழதான் கெடக்கும். நிதானமா தேடுங்கம்மா. ஊதல் சத்தம் கேட்டா பயந்துடாதீங்க, ஆளுங்கள சாப்பிடக் கூப்பிடுறது" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினேன்.

பன்னிரண்டுக்கு முதல் ஊதல் ஊதினேன். அந்த அம்மாள் தலை நிமிர்ந்து பார்த்துக் கையை ஆட்டிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். அழகேசன் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். ஊதல் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாதா. தடியைப் போட்டுவிட்டு, விழுந்து எழுந்து என்னிடம் வந்தார். என் சட்டையைப் பிடித்து, "அவ உள்ள இருக்காடா, அரியமுத்து, அவ உள்ள இருக்கா" என்றார். இரண்டாவது ஊதலுக்கு முன்னால் பத்து நிமிடம் விட வேண்டும் என்பது விதி. நான் அவ்வளவு நேரம் விடவில்லை.

"தெரியுங்க" என்று சொல்லிவிட்டு ஊதினேன்.

புழுதி அடங்கியதும் அவர் குழிக்குள் இறங்கப் பார்த்தார். நான்தான் இடுப்பைப் பிடித்து நிறுத்திவைத்தேன். வெடிக்காத தோட்டா கிடந்தால் ஆபத்து. அவர் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை, என் தோளிலேயே சாய்ந்துகொண்டு அழுதார்.

நான் ஓடவில்லை, எதையும் மறைக்கவும் இல்லை. அமிர்தவல்லி அம்மாளைக் கொன்றது நான்தான். நல்ல மனுஷி, அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அந்த எழுபத்தொன்றிலேயே அழகேசன் அந்தக் காகிதத்தில் என் பெயரை எழுதியிருந்தால், நான் உள்ளே போய் நாலு வருடம் இருந்து வந்திருப்பேன், யாரையும் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன், அந்த அம்மாளும் சாயங்காலம் கப்பல் ஏறியிருப்பார். எழுதாமல் விட்டது அவர் செய்த தப்பு. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.