போகிக்குக் கழித்தது

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள், நகரியிலிருந்து திருப்பதி போகும் பஸ். மடியில் லுங்கி சுற்றிய சிபியுவோடு ஒரு நெசவுக்கார அம்மா, பக்கத்தில் அடையாள அட்டை மாட்டிய பெண்ணிடம் கேட்டாள்:

"போகிக்குக் கழிச்சத மறுபடி ஊட்டுக்குள்ள எடுக்கலாமா?"

"இன்னாக்கா கழிச்சீங்க?"

"புது பிரிண்டர் மாட்டனப்புறம் ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் இருந்துச்சி. பழசத் தூக்கிட்டேன். அப்பலேர்ந்து சேலை டிசைன் சாஃப்ட்வேர் தொறக்கல. அடுத்த வாரம் தங்கச்சி கல்யாணம், முகூர்த்தச் சேலை தறியில பாதியில நின்னுக்கினு கீது. எல்லாரும் குப்பையிலேர்ந்து எடுத்துப் போடுன்றாங்க. மனசு வரல, கடையில வேற வழி கேக்கப் போறேன்."

"பிரிண்டருக்குப் புதுசு வேணும், டிசைனுக்குப் பழசு வேணும்க்கா. ரீசைக்கிள் பின் குப்பைய எரிச்சிட்டீங்களா?"

"எரிக்கல."

"அப்ப பிரிண்டர் ஃபைல் கீற நடு ஊட்ல வெக்காதீங்க. டிசைன் சாஃப்ட்வேரோட ஃபோல்டர்லயே போடுங்க. அதுங்க ரூம்ல அதுங்க இருந்துக்கட்டும்."

அந்த அம்மா யோசித்தாள். சிபியுவை ஒரு தட்டு தட்டினாள்.

"தனிக்குடித்தனம்! அப்ப தோஷமில்ல."

புத்தூர் வந்தது. "ஆபண்டி, திகுதானு!" என்று தெலுங்கில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கத்தி இறங்கியவள், திரும்பிப் போகும் நகரி பஸ்ஸைப் பார்த்து ஓடினாள்.