எட்டாம் நம்பர் காலியில்லை

எனக்கு மரியாதைக் குறைவாகப் பேச வராது, இன்ஸ்பெக்டர் ஐயா. நாயைக்கூட "போங்க, போங்க" என்றுதான் விரட்டுவேன் என்று என் மனைவி ரங்கம்மாள் கேலி செய்வாள். நாய் போகாது என்பது வேறு விஷயம். நான் போகச் சொன்ன எதுவும் லேசில் போனதில்லை. அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமைக்குள் முடிந்தால் போதும்.

பெயர் சுந்தரராஜுலு. காந்திபுரத்தில் என் அப்பா கட்டிய எட்டு லைன் வீடுகள் என் பங்குக்கு வந்தன. ஒரே நீளமான ஓட்டுக்கூரை, எட்டுக் கதவு, ஒரு கிணறு. எல்லாவற்றிலும் மில் தொழிலாளிகள் குடியிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இடம் வைத்துக்கொண்டு லாட்ஜ் கட்டாதவன் மடையன் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பிளான் போட்டு, ஃபிரேம் மாட்டி, கூடத்தில் தொங்கவிட்டேன். லாட்ஜுக்கு ஒரு செங்கல்கூட வாங்கவில்லை. லாட்ஜ் முதலாளிக்கு வேண்டிய வெள்ளை வேட்டி மட்டும் நான்கு வாங்கினேன்.

குறுக்கே நின்றவள் எட்டாம் நம்பர் பழனாத்தாள். புருஷன் இல்லை. மில்லில் கழிவுப் பஞ்சு பொறுக்கும் வேலை. ஒரே மகள் ராசாத்தாளைச் சோமனூரில் தறிக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தாள். மில் தொழிலாளர் சங்கத்தில் யாரோ வழி சொல்ல, ரெண்ட் கோர்ட்டுக்குப் போய், எட்டு வீட்டில் யாரையும் நான் காலி செய்யக் கூடாது என்று உத்தரவு வாங்கி வந்துவிட்டாள். மற்ற ஏழு வீடும் அவள் பின்னால் நின்றன. நான் நேரில் போய்க் கெஞ்சினேன்.

"ஏனுங்க அம்மணி, நீங்க ஒருத்தர் போயிட்டா மத்தவீங்களும் போயிருவாங்கல்லங்க."

"அதுக்குத்தானுங்க மொதலாளி நான் போகாம இருக்கறேன்" என்றாள். "இந்த ஊட்ட உட்டா எங்களுக்கு ரயில் ரோட்டோரந்தானுங்களே."

சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் வயிறு எரிந்தது. பஞ்சு பொறுக்குகிறவள் என்னைவிடத் தெளிவாகப் பேசிவிட்டாளே.

ஐம்பத்தெட்டாம் வருஷம் பங்குனி மாதம். ஊரில் அங்கங்கே அம்மை. ஒருநாள் காலைச் சங்கு ஊதி, ஆண்கள் மில்லுக்குப் போனபின் லைன் பக்கம் போனேன். பழனாத்தாள் பாயில் சுருண்டு கிடந்தாள்.

"மூணு நாளாக் காச்சலுங்க மொதலாளி. எந்திரிக்க முடியலீங்க. பெரியாசுபத்திரிக்கு ஒரு வண்டி சொல்லியுட்டீங்கன்னா புண்ணியமாப் போகுமுங்க."

முகத்தைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன். ஒரு கொப்புளம் கிடையாது. வெறும் காய்ச்சல். இந்த வரிக்கு அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். "இதோ வாரேனுங்க அம்மணி" என்று கதவைச் சாத்திவிட்டு வந்தேன். வண்டி சொல்லத்தான் கிளம்பினேன். வழியில் என் வீட்டு வேப்பமரம் இருந்தது.

ஒரு கொத்து ஒடித்து வந்து அவள் கதவு நிலையில் செருகினேன். உங்களுக்குத் தெரியாததா. வேப்பிலை செருகிய வீட்டுக்குள் வேற்றாள் காலெடுத்து வைப்பதில்லை. ஆத்தா வந்து இறங்கிய இடம். சொந்தக்காரர்கள்தான் உள்ளே இருந்து பார்த்துக்கொள்வார்கள். பயத்தில் ஏழு குடும்பமும் கிளம்பிவிடும், தனியாக நின்றால் இவளும் உடம்பு தேறிக் கிளம்பிவிடுவாள், யாருக்கும் சேதாரமில்லை. இப்படித்தான் நினைத்தேன் என்று நினைக்கிறேன்.

மூன்று நாள் காய்ச்சலுக்குப் பிறகுதான் அம்மை முத்துப் போடும் என்று பெண்களுக்கே தெரியும். நம்பவைக்க நான் சிரமப்படவில்லை. மகளுக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன், மத்தியானம் வந்துவிடுவாள் என்றும் சொன்னேன். ஆள் அனுப்பவில்லை. எல்லாரும் ஒதுங்கினார்கள். ஏழாம் நம்பர் பாப்பாயி மட்டும் நகரவில்லை. சின்ன வயதில் அம்மை கண்டு பிழைத்தவள், முகமெல்லாம் தழும்பு.

"எனக்கு வந்து போனதுதானுங்க. ராசாத்தா வார வரைக்கும் நான் உள்ள இருந்து பாத்துக்கறேன்" என்று முந்தானையைச் செருகினாள்.

உள்ளே போனால் ஒரு பார்வையில் குட்டு உடைந்துவிடும். ஆனால் நெருக்கடியில் என் மூளை நன்றாக வேலை செய்யும். மைத்துனன் கல்யாணப் பந்தியில் ரசம் தீர்ந்தபோதுகூட நான்தான் வழி சொன்னேன்.

"காலைல உங்கூட்டுல தாளிச்ச வாசம் வந்துச்சுங்களே அம்மணி" என்றேன்.

தாளித்த கையோடு அம்மை வீட்டில் நுழைந்தால் ஆத்தாவுக்கு உக்கிரம் கூடும் என்பது அவர்கள் நம்பிக்கை. பாப்பாயி பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தெரியாமச் செஞ்சுபோட்டேனுங்க. இப்ப என்னங்க பண்றது?"

"மூணு நாளைக்குத் தாளிக்காம, தலைக்கு ஊத்தி, சுத்தபத்தமா இருந்துட்டு அப்புறம் போங்க."

சொன்னபடி செய்தாள். ஏழைகளிடம் எனக்குப் பிடித்ததே அந்த ஒழுங்குதான்.

சாயங்காலம் உள்ளேயிருந்து "தண்ணி, தண்ணி" என்று குரல் வந்தது. ஆத்தாதான் கேட்கிறாள் என்று பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து, சாத்திய கதவுக்கு முன்னால் வாசற்படியில் ஊற்றினார்கள். என் கிணற்றுத் தண்ணீர்தான், நான் தடுக்கவில்லை. மறுநாளும் கேட்டாள். மறுநாளும் ஊற்றினார்கள். மகளை இன்னும் காணோமே என்றவர்களிடம், வந்துகொண்டிருப்பாள் என்றேன். நானும் ஒரு குடம் ஊற்றினேன், நாலு பேர் பார்க்கிறார்களே. மூன்றாம் நாள் சத்தமில்லை. நாலாம் நாள் பாப்பாயி தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரச்சேலையோடு உள்ளே போனாள். போன வேகத்தில் வெளியே வந்து வாசலில் விழுந்து கும்பிட்டாள்.

"உடம்புல ஒரு முத்துக்கூட இல்லீங்க. தழும்பு விடாம ஆத்தா அவளத் தன்கூடவே எடுத்துக்கிட்டாங்க."

எனக்கு எதிராக இருந்த ஒரே சாட்சி அந்த உடம்பு. அதையும் அற்புதமாக்கிவிட்டார்கள். விஷயம் கேள்விப்பட்டு வந்த ராசாத்தாள், தன் தாய்க்கு ஒரு குடம் ஊற்றிய புண்ணியவான் என்று என் காலில் விழுந்தாள். ஆள் அனுப்பினீர்களாமே, வரவில்லையே என்று கேட்டாள். வழி தவறியிருப்பான் என்றேன்.

ஒரு வாரத்தில் ஏழு வீடும் காலி. போத்தனூர் ரயில் பாதையோரம் குடிசை போட்டுக்கொண்டார்கள். மழை வந்தால் முழங்கால் தண்ணீர் என்று கேள்வி. நான் ஐந்தாவது வேட்டி வாங்கினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பெண்கள் போத்தனூரிலிருந்து நடந்தே வந்து எட்டாம் நம்பர் வாசலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். பிறகு ஒரு கல் வந்தது. பிறகு விளக்கு, மணி. இப்போது பழனாத்தா கோயில் என்றால் பஸ் கண்டக்டருக்குத் தெரியும். மற்ற ஏழையும் இடித்துவிட்டேன். எட்டாவதைத் தொடச் சொன்னபோது கொத்தனார் பாலுசாமி கடப்பாரையைக் கீழே வைத்து, கும்பிட்டு, திருநீறு வாங்கிக்கொண்டு போய்விட்டான். லாட்ஜுக்கு வாசல் வர வேண்டிய இடத்தில் அது நிற்கிறது. உயிரோடு இருந்தபோது ஒரு கோர்ட் உத்தரவுதான் அவளைக் காத்தது. இப்போது அவளை யாராலும் அசைக்க முடியாது, அந்த வசதியைச் செய்துகொடுத்தவன் நான். ஐந்து வருஷமாக இதை யாரிடமும் சொல்லிச் சிரிக்கக்கூட முடியவில்லை.

வக்கீல் ஒரு வழி சொன்னார். அங்கே ஆத்தா இறங்கவே இல்லை என்று ருசுவானால் அது கோயில் இல்லை, வெறும் வீடுதானாம். அப்படிச் சொல்லக்கூடியவன் உலகத்திலேயே நான் ஒருவன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். பழனாத்தாளுக்கு அம்மை வரவில்லை. வேப்பிலை செருகியது நான். பாப்பாயியைத் திருப்பி அனுப்பியது நான். தண்ணீர் தண்ணீர் என்று கேட்டவளைக் கேட்டுக்கொண்டே சாகவிட்டது நான். தூக்கோ ஜெயிலோ, கொடுப்பதை வாங்கிக்கொள்கிறேன். மனசாட்சிக்குப் பயந்தவன் நான், தப்பித்து ஓடுகிற ஆள் இல்லை.

ஒரே ஒரு சின்ன உதவிங்க ஐயா. கையெழுத்துப் போட்டதும் சர்க்கார் முத்திரையோடு இதில் ஒரு நகல் வேண்டும். எட்டாம் நம்பரைக் காலி செய்கிற கேஸ் திங்கட்கிழமை வாய்தாவுக்கு வருகிறது.