ரெண்டாவது கையெழுத்து

இல்லம்மா, பயந்துபோய் எடுக்க வரல. பணம் எடுக்கிற அந்தப் பாரத்தை நீயே வச்சுக்க. காலையிலேர்ந்து வர்ற எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்கன்னு எனக்கும் ஒண்ணு நீட்டுற. ஷேர் மார்க்கெட் விழுந்துடுச்சாமே, வெளியில படிக்கட்டு வரைக்கும் ஆளு நிக்குது. அந்தக் கண்ணாடிக்காரர் வாட்ச்மேன்கிட்ட மல்லுக்கு நிக்கிறாரு, என்னமோ வாட்ச்மேன்தான் மார்க்கெட்டைக் கீழ தள்ளிவிட்ட மாதிரி.

நான் வந்தது இந்தக் கடிதத்துக்கு. உங்க ஆபீஸ்லேர்ந்துதான் வந்துச்சு. விவரமெல்லாம் புதுசா எழுதி, கணக்குல இருக்கிற ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணுமாமே. மொதல் பேரு நான். ரெண்டாவது பேரு என் மகன். அவன் வரணுமா? அதைத்தாம்மா கேக்க வந்தேன், இரு. மொதல்ல கணக்கு சரியா இருக்கான்னு பாரு.

இவ்வளவா? நல்லாப் பாத்தியா? போட்டதுக்கு ரெண்டு மடங்கா? இன்னைக்கு விழுந்ததைக் கழிச்சுமா? சரிம்மா. இல்ல, சந்தோஷம்தான். தண்ணி எல்லாம் வேணாம்.

அது எங்க வீட்டுக்காரர் பணம். அச்சாபீஸ்ல முப்பத்தோரு வருஷம் நின்ன கால்லயே நின்னாரு. அவர் போனப்புறம் மொத்தமா வந்துச்சு. பேங்க்லயே கெடக்கட்டும்னு நான் சொன்னேன். மகன்தான், பாதி அங்கேயே இருக்கட்டும்மா, உனக்கு மருந்து மாத்திரைக்கு ஆகும், பத்து வருஷம் தொட வேண்டாத மீதியை உங்க மியூச்சுவல் ஃபண்டுல போடலாம்னு சொன்னான். டயர் கம்பெனியில கணக்குப் பாத்தவன். கூட வேலை செய்யிறவங்க எல்லாம் அவன்கிட்டதான் யோசனை கேப்பாங்க. யாரும் என்னை ஏமாத்தி வாங்கிடக் கூடாதுன்னு, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் எடுக்க முடியும்னு எழுத வச்சதும் அவன்தான்.

படிப்பு எனக்கு அஞ்சாவதோட சரி. அதனால எனக்குப் புரியிற மாதிரி மூணு விஷயத்தை ஒரு தாள்ல பெருசு பெருசா எழுதி, சமையல்கட்டு அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிட்டான். விழும்போது பாக்காதே. யார் சொன்னாலும் விக்காதே. நானே வந்து கேட்டாலும் குடுக்காதே. என்னடா இது, பெத்த பிள்ளை கேட்டாக் கூடவான்னேன். அம்மா, பயம் வந்துட்டா நானும் முட்டாள்தான், அப்ப நீதான் புத்திசாலியா இருக்கணும்னான். விழும்போது ஏன் பாக்கக் கூடாதுன்னதுக்கு, பல்லு புடுங்கின எடத்தை நாக்கால தடவிக்கிட்டே இருந்தா ஆறுமான்னு கேட்டான். என்னை மூணையும் ஒப்பிக்க வச்சு, பாஸ்னு சொல்லிக் கை தட்டினான்.

அப்புறம்தான் அந்தப் பெரிய வீழ்ச்சி வந்துச்சே, மூணு வருஷம் முன்னாடி. எதிர்வீட்டுத் தையல்கார அக்கா ஃபண்டுல போட்டிருந்த எல்லாத்தையும் நட்டத்துக்கு வித்துட்டு வந்து என் வாசல்ல உக்காந்து அழுதுச்சு. நான் அலமாரியைத் தொறந்து தாளைப் பாத்துக்குவேன், மூடிக்குவேன். கண்ணை மூடிச் சாமிகிட்ட சொல்லிட்டு வேலையைப் பாப்பேன்.

அப்பத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம், மகன் வந்து நிக்கிறான். வேலை நாள்ல வரவே மாட்டான், தங்கியிருந்தது கம்பெனிப் பக்கம் வாடகை ரூம்ல. சட்டைப் பட்டன் ஒண்ணு மாத்திப் போட்டிருந்தான். உக்காரல. ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சான். அம்மா, இன்னும் விழும்போல இருக்கு, எடுத்துடலாம்மான்னான். பாரமெல்லாம் எழுதி, அவன் கையெழுத்தையும் போட்டுக் கொண்டு வந்திருந்தான். என் கையெழுத்துக்கு மட்டும் ஒரு பெருக்கல் குறி போட்டு வச்சிருந்தான்.

நான் சிரிச்சேம்மா. பரீட்சை வைக்கிறான்னு நெனச்சேன். அலமாரிக் கதவைத் தொறந்து, மூணாவது வரியில விரலை வச்சு, படிடான்னேன். நின்னு படிச்சான். அம்மா, இது வேறம்மான்னான். எது வேற, போன வாரம் வரைக்கும் ஊருக்கே உபதேசம் பண்ணின, இப்ப உனக்கே பயமா, போடா கோழைன்னேன். அவனும் சிரிச்சான். நீ பாஸும்மான்னு சொன்னான். சாப்பிட்டுப் போடான்னதுக்கு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டான். பாரத்தை மேஜை மேலயே விட்டுட்டுப் போயிட்டான்.

நீயும் சிரிக்கிறியா? சிரி, சிரி. என்னது, அங்க நிக்கிறவங்ககிட்ட நான் எழுந்திரிச்சு இதைச் சொல்லணுமா? வேணாம்மா. நான் செஞ்சது சரிதான்னு நீ சொல்ற, கணக்கும் அப்படித்தான் சொல்லுது. அன்னைக்கு எடுத்திருந்தா பாதிகூட தேறியிருக்காது, எனக்கும் தெரியுது.

ஆனா அவன் கேட்டது மார்க்கெட்டுக்குப் பயந்து இல்லம்மா. பிற்பாடு அவன் கூட வேலை செஞ்சவர் சொல்லித்தான் தெரியும். எனக்குப் பத்து வருஷம் பொறுன்னு எழுதி ஒட்டினவன், செல்போன்ல இன்னைக்கு ஷேர் வாங்கி இன்னைக்கே விக்கிற ஆட்டம் ஆடியிருக்கான். அதுவும் கடன் வாங்கி. குடுத்தவங்க ரூமுக்கே வந்து உக்காந்துட்டாங்களாம். ஏன்டா இதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பான். கேக்கல. நான்தான் பரீட்சையில பாஸ் பண்ணிக்கிட்டிருந்தேனே.

ஊர்ல எல்லாத் தாயும் பிள்ளைக்கு வேண்டிக்குவாங்க. மார்க்கெட் விழுந்த அந்த ரெண்டு மாசமும் நான் மார்க்கெட்டுக்கு வேண்டிக்கிட்டேன். சாமி கேட்டதைக் குடுத்துட்டாரு, அவரைக் குத்தம் சொல்ல முடியாது.

ஆமாமா, கையெழுத்து. ரெண்டாவது ஆளு கட்டாயம் போடணும்னு நீ சொல்ற. இந்தா, அவன் கையெழுத்து இருக்கிற பாரம் இதுதான். அலமாரியில ஒட்டின தாளுக்குப் பின்னாடியே சொருகி வச்சிருந்தேன். கீழ தேதி பாரு, செவ்வாய்க்கிழமை. இது நகராட்சியில குடுத்த சர்டிபிகேட். இதுல அதே வாரம் வியாழக்கிழமை. காலையில அவன் ரூம் கதவை ஒடைச்சுத்தான் பாத்தாங்க.

அடடா, நீ ஏம்மா அழற, வரிசையில ஆளு நிக்குது. கண்ணைத் தொடச்சிக்க. பணம் அப்படியே இருக்கட்டும், நான் எடுக்கல. எனக்கு ஒரு மகளும் இருக்கா, ரெண்டாவது எடத்துல அவ பேரைப் போட்டுடு. அவன் பேரை எடுக்கிறதுக்கு இது ஒரு நகல் போதுமா? மூணு எடுத்து வச்சிருக்கேன்.