தெரியாத பேருக்குத் திறக்கிற கதவு

இல்லை தம்பி, கதவைச் சாத்திப்போட்டு இருங்கோ. அந்தக் கொளுவியையும் போடுங்கோ. ஓம், எனக்கும் வேர்க்குதுதான், பரவாயில்லை.

கையெழுத்தோ? கையெழுத்துக்கு வருவம். முதல் தேத்தண்ணியைக் குடியுங்கோ. என்ர மனுசி யோசெப்பின் போட்டு வச்சிட்டுத்தான் சென்ட் லோரன்ட் பக்கம் வேலைக்குப் போனவ.

மேசைக்குக் கீழை இரையிற உந்தப் பெட்டியைக் கண்டியளே? உதுதான் சேர்வர். அகதி விசாரணைக்கு நான் பிரெஞ்சில மாத்திக் குடுக்கிற வாக்குமூலமெல்லாம் உதுக்குள்ளைதான். ஆருக்குப் பயந்து ஓடி வந்தவை, விட்டிட்டு வந்த சனம் எங்கை ஒளிச்சிருக்குது, எல்லாம் கிடக்குது. நான் இந்த அறையில எழுத, யோசெப்பின் குசினிக் கொம்பியூட்டரில திறந்து பிழை திருத்துவா. அதுக்காக உள்ளுக்கு சம்பா எண்டொரு டீமன் ஓடுது. சிரிக்காதேங்கோ. டீமன் எண்டா பேயில்லை, ஆக்கள் பிழையா விளங்கி வச்சிருக்கினம். அது கிரேக்கச் சொல்லு, கூடவே நிக்கிற ஆவி மாதிரி ஒண்டு. பின்னாலை சத்தமில்லாமல் நிண்டு வேலை செய்யிற புரோகிராமுக்கு கொம்பியூட்டர்க்காரர் உந்தப் பேரை வச்சிட்டினம். இது வாசலில நிண்டு, கோப்பு கேட்டு வாற ஆளின்ர பேரை விசாரிச்சுப்போட்டுக் குடுக்கும். அவ்வளவுதான் அதின்ர உத்தியோகம்.

கொஞ்சம் பொறுங்கோ. உங்களுக்கும் கேட்டதே? மேலை ஆரோ நடக்கினம். மெல்லமாக் கதைப்பம்.

இந்தக் கட்டிடத்தில ஆறு வீடு, ஆறும் எங்கட ஆக்கள். இன்டர்நெட் லைன் மட்டும் ஒண்டு. என்ர வீட்டிலயிருந்து மூண்டாம் மாடி வரைக்கும் படிக்கட்டால வயர் இழுத்தது நான்தான். இந்தப் பார்க் எக்ஸ்டென்ஷன் ஏரியாவிலயே உப்பிடிச் சுத்தமா ஆரும் வயர் இழுக்கேல்லை எண்டு பெருமையும் அடிச்சனான். அப்ப ஆறு வீட்டுக் கொம்பியூட்டரும் ஒரே வளவுக்குள்ளை நிக்கிற மாதிரி.

சோதிக்காமலோ விடுவன்? யோசெப்பினின்ர பேரைக் குடுத்து, பாஸ்வேர்டைப் பிழையா அடிச்சுப் பாத்தனான். போ எண்டு கலைச்சுப்போட்டுது. நல்ல காவல்காரன் எண்டு நினைச்சு விட்டிட்டன். பிழை எங்கையெண்டா, நான் தெரிஞ்ச பேரைத்தான் குடுத்துப் பாத்தது. ரெண்டு வருசத்துக்கு முதல், எந்த வீட்டாரும் என்ர பிரிண்டரில அடிக்கட்டும் எண்டு நானே சம்பாவுக்கு ஒரு வரி கட்டளை எழுதினனான். அது கோப்புகளுக்கும் பொருந்துமெண்டு யோசிக்கேல்லை. அந்த வரியின்படி, தெரிஞ்ச ஆள் பாஸ்வேர்டைப் பிழைவிட்டா வெளியாலை. முன்பின் தெரியாத பேரெண்டா விருந்தாளி, உள்ளுக்கு வாங்கோ. எங்கட கலியாண வீடு மாதிரித்தான். கோவிச்சுக்கொண்டு போன மச்சானை வாசலில மறிப்பினம், ஆரெண்டே தெரியாதவனை இருத்திச் சாப்பாடு போடுவினம்.

எப்பிடிக் கண்டுபிடிச்சனானோ? இண்டைக்கு விடிய, குப்பை வைக்கப் போகேக்கை. குணரத்தினம் வீட்டில வாடகைக்கு வந்திருக்கிறவரைத் தெரியுமே, மூண்டாம் மாடி? ஓம், லப்டொப்போட திரியிறவர். படியில மறிச்சுச் சிரிச்சுக்கொண்டு கேட்டவர், ஒரு ஆளின்ர மனுசி பிள்ளை இப்பவும் அங்கை வெள்ளவத்தையிலதானோ எண்டு. தெருப் பேரோட கேட்டவர், தம்பி. அந்தத் தெருப் பேர் என்ர கோப்பில மட்டும்தான் இருக்குது.

ஓடிவந்து பாத்தன். சம்பா ஆர் வந்தது போனது எண்டு குறிப்பு எழுதி வைக்கும், அதில மட்டும் நேர்மை. செவ்வாய்க்கிழமை நாலு பத்துக்கு, தெரியாத பேரில ஒரு லப்டொப் வந்திருக்குது. உள்ளுக்கு நாப்பத்திரண்டு வாக்குமூலம். நாப்பத்தொண்டைத் தொடவேயில்லை.

உடன வயரை வெட்டிப்போட்டன். நாலு வீட்டுக்காரர் போன் எடுத்து ஏசிப்போட்டினம். குணரத்தினம் வீட்டிலயிருந்துதான் ஒரு சத்தமும் இல்லை.

இருங்கோ, எழும்பாதேங்கோ. கையெழுத்து ஒண்டும் இல்லைத் தம்பி, உங்களை வரப்பண்ணத்தான் அப்பிடிச் சொன்னனான். விலாசத்தை முழுசா எழுதுங்கோ, இல்லாட்டி விசாரணையில நம்பமாட்டினம் எண்டு உங்களுக்குச் சொன்னதும் நான்தான்.

இந்தாங்கோ ரெலிபோன் காட், நம்பர் சுரண்டி வச்சிருக்கிறன். இஞ்ச காலமை எட்டு மணி, அங்கை பின்னேரம் ஐந்தரை. உங்கட மனுசியை இருட்டுறதுக்கு முதல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடச் சொல்லுங்கோ. பேந்து வந்து என்னை அடியுங்கோ.